வறட்சி தாங்கும் தரைமூடிச் செடிகள்: யாழ்ப்பாண முற்றங்களில் தோன்றும் குறைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

வறண்ட நிலத்துக்கு ஏற்றவை என்று வாங்கி நடப்படும் சதைப்பற்றுள்ள படர்செடிகள், யாழ்ப்பாணத்தில் கோடையில் சாவதைவிட மாரியில் சாவதையே அதிகம் காண்கிறோம். குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. மாசி முதல் ஆவணி வரை, சித்திரையில் இடியோடு வரும் சில மழைகள் நீங்கலாக, நிலம் காய்ந்தே கிடக்கிறது. ஆகவே இங்கே ஒரு செடி நீண்ட வறட்சியைத் தாங்கினால் மட்டும் போதாது. அதன் பின் வரும் வெள்ளத்தையும் தாங்க வேண்டும். முதலாவதை எளிதாகச் செய்யும் இச்செடிகள் இரண்டாவதில்தான் தோற்கின்றன.

பத்துமணிப்பூ, பேபி சன் றோஸ், கற்பூரவள்ளி, கற்றாழை, மருள் ஆகியவற்றைத் தரைமூடியாக வளர்ப்போருக்காக, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் முறையில் இவ்வழிமுறை எழுதப்படுகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும், மருந்தையோ தண்ணீரையோ எடுப்பதற்கு முன்னர் மூன்று இடங்களைப் பார்த்துவிட வேண்டும். தண்டு மண்ணைத் தொடும் இடம் உறுதியாக இருக்கிறதா, இரண்டு அங்குல ஆழத்தில் மண் ஈரமா காய்வா, ஊற்றப்படும் நீர் எங்கிருந்து வருகிறது என்பவையே அவை.

இலைகள் சுருங்கித் துவள்கின்றன

மிகுதியாகக் காணப்படும் அறிகுறியும் மிகுதியாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் அறிகுறியும் இதுவே. நீர் இல்லாத செடியும் துவள்கிறது. வேர் அழுகியதால் நீரை உறிஞ்ச இயலாத செடியும் துவள்கிறது. இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தோன்றுவதால், பார்த்தவுடன் குழாயைத் திறந்துவிடுவது பலரது வழக்கம். முதலாவது செடி அதனால் பிழைக்கும். இரண்டாவது செடி அதனாலேயே சாகும்.

வேறுபாட்டை விரலால் அறியலாம். காய்ச்சலால், அதாவது மண் காய்ந்து நீர் கிடைக்காததால், வாடிய செடியின் இலை மெலிந்து, தோல் சுருங்கி, வளைத்தால் ஒடியாமல் வளையும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் சுருங்கும். தண்டின் அடி கடினமாகவே இருக்கும். வேர் அழுகிய செடியின் இலை மஞ்சளாகி, ஒளி ஊடுருவுவதுபோல் நீர்த்து, தொட்டால் உதிரும். தண்டின் அடி நசுங்கும். மெல்ல இழுத்தால் வேரின் மேற்தோல் கழன்று நூல்போன்ற நடு நரம்பு மட்டும் கையோடு வரும். முகர்ந்து பார்த்தால் புளித்த வாடையும் இருக்கும்.

காய்ச்சல்தான் காரணம் என்றால், அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ ஒருமுறை ஆழமாக நீர் விட வேண்டும். வலிகாமத்துச் செம்மண் நன்றாகக் காய்ந்த பின் அதன் மேற்பரப்பு இறுகிவிடுவதால், வேகமாக ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். மேல்மண்ணை உழவாரத்தால் மெல்லக் கீறிவிட்டு, செடிகளைச் சுற்றி விரலளவு உயர வரம்பு பிடித்து, சிறிது சிறிதாக விடுவதே முறை. ஊற்றிய பின் ஒரு மணிநேரம் கழித்து ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தால் நீர் எவ்வளவு ஆழம் சென்றது என்பது தெரிந்துவிடும்; பல முற்றங்களில் அரைமணி நேரம் தண்ணீர் பாய்ச்சிய பின்னரும் ஈரம் ஓர் அங்குலத்துக்குக் கீழே போயிருக்காது. இலை ஓரிரு நாட்களில் மீண்டும் திரண்டுவிட வேண்டும். மூன்றாம் நாளும் மண் ஈரமாக இருந்து இலை சுருங்கியே இருந்தால், குறை நீரில் இல்லை, வேரில் இருக்கிறது.

அப்போது ஒரு செடியைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். வேர் கறுத்திருந்தால் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். வேர் வெள்ளையாகவே இருந்து, இடையிடையே சிறு முடிச்சுகள் காணப்பட்டால் அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. முன்னர் மிளகாய், தக்காளி, கத்தரி, புகையிலை செய்த தோட்டக் காணியில் வீடு கட்டியவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்கலாம். பாதிக்கப்பட்ட செடிகளை வேரோடு அகற்றி, பங்குனி, சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பொலித்தீன் விரிப்பால் ஓரங்களை மண்ணிட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் புழுக்கள் பெருமளவு அழியும். கறுப்புப் பொலித்தீன் இதற்கு அவ்வளவு உதவாது. வெயில் அதைச் சூடாக்குமே தவிர மண்ணை அதே அளவுக்குச் சூடாக்காது.

வேரூன்றிய செடிகளுக்குக் கோடையில் செம்மண்ணில் வாரம் அல்லது பத்து நாட்களுக்கு ஒருமுறையும், வடமராட்சி, தென்மராட்சி மணற்பாங்கான நிலங்களில் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறையும் நீர் விட்டால் போதும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களில் இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாம். நாள்தோறும் தெளிப்பது வேரை மேற்பரப்பிலேயே தங்க வைத்து, வறட்சி தாங்கும் செடியை வறட்சி தாங்காததாக ஆக்கிவிடும்.

தண்டின் அடி கறுத்து அழுகுகிறது

மாரி தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் இது தோன்றும். நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. அவ்வாறு மூச்சடைத்த வேருக்குள் மண்ணிலுள்ள பூஞ்சை வகைகள் எளிதாக நுழைகின்றன. ஆகவே பூஞ்சைநாசினி வாங்கி ஊற்றுவது இரண்டாவது வேலையாக இருக்கலாமே தவிர முதலாவது வேலையாக இருக்க முடியாது. நீர் வடியாத இடத்தில் எந்த மருந்தும் நிலைத்துப் பயன் தராது.

முதலில் நோயுள்ள செடியிலிருந்து தப்பியதை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையமோ புள்ளியோ இருந்தால், அது மறையும்வரை மேலே மேலே வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் துடைக்க வேண்டும். சுத்தமான நுனிகளை நிழலில் வைத்து வெட்டுக்காயம் காய்ந்த பின் நடலாம். பத்துமணிப்பூவுக்குச் சில மணிநேரம் போதும்; கற்றாழைக் குட்டிகளுக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் தேவைப்படும். அழுகிய செடி இருந்த குழியிலேயே உடனே நடக்கூடாது.

பின்னர் நீர் ஏன் தேங்கியது என்பதைத் தேட வேண்டும். பீலி பூட்டாத கூரையின் விளிம்பிலிருந்து நீர் ஒழுகி விழும் கோடு, மதிலின் அடி, சீமெந்து முற்றத்தின் சரிவு முடியும் இடம் ஆகிய மூன்றிலுமே பெரும்பாலான சாவுகள் நிகழ்கின்றன. அலங்காரத்துக்காகத் தரைமூடிச் செடிகளை நடுவதற்கு நாம் விரும்பித் தெரிவுசெய்யும் இடங்களும் இவையே என்பது சங்கடமான உண்மை. பீலி பூட்டி நீரைத் திருப்புவது, நூறு செடி புதிதாக வாங்குவதைவிடப் பயன் தரும்.

ஐயம் இருந்தால் ஓர் அடி ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது முழுவதும் வற்றிய பின் மீண்டும் நிரப்பி, ஒரு மணிநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் நிலம் ஏற்றது. அதற்குக் குறைந்தால் மேடை அமைக்காமல் நட வேண்டாம். சில இடங்களில் ஓரடிக்கும் குறைந்த ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அங்கே அலவாங்கால் கல்லைக் குடைந்து குழி செய்து மண் நிரப்புவது, அடியில் வெடிப்பு இல்லாவிட்டால், நீர் தேங்கும் கிண்ணத்தில் செடியை வைப்பதாகவே முடியும். கீழே போகாமல் மேலே எழுப்புங்கள். ஆறு முதல் ஒன்பது அங்குல உயரத்துக்கு, செம்மண் ஒரு பங்கு, குருமணல் ஒரு பங்கு, உடைந்த ஓடு அல்லது செங்கல் துண்டு ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு என்று கலந்து, நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்குமாறு பரப்பினால், அடைமழையிலும் நீர் நிற்காது. கடற்கரை மணலை இதற்கு எடுக்க வேண்டாம். அதில் உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் உள்ளன.

நடும் காலமும் முக்கியமானது. மழை முடிந்து ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும் தை, மாசி மாதங்களில் நட்டால், அடுத்த மாரிக்கு முன்னர் வேர் நன்றாகப் பரவியிருக்கும். முதல் மழையைக் கண்ட உற்சாகத்தில் ஐப்பசியில் நடும் பழக்கம் கீரைக்கும் மரக்கறிக்கும் பொருந்தும், இவற்றுக்குப் பொருந்தாது. எவ்வளவு நல்ல பாத்தி என்றாலும், புரட்டாதி முடிவதற்குள் ஒவ்வொரு இனத்திலும் சில நுனிகளைச் சிறு சாடிகளில் நட்டுத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. பாத்தி அழிந்தாலும் தை மாதத்தில் மீண்டும் தொடங்கலாம்.

இலை நுனி கருகுகிறது, மண்ணில் வெள்ளைப் பொருக்குப் படிகிறது

வெள்ளையாகப் படிவதெல்லாம் உப்பு அன்று. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி வருவதால், அதில் கரைந்துள்ள கல்சியம் நீர் ஆவியாகும்போது சுண்ணாம்பாகப் படியும். கேத்திலின் அடியில் படிவதும் அதுவே. பொருக்கில் சிறிதைச் சுரண்டி எடுத்து, அதன்மேல் இரண்டு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. செடி உடனே சாகாது. நுரைக்காமல் தண்ணீரில் எளிதாகக் கரைந்தால் அது உப்பு.

உப்பு என்றால் நீரின் மூலத்தை ஆராய வேண்டும். குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலமாகவே இருக்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைக்கும்போது அப்படலம் மெலிந்து, அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறுகிறது. இதனால் தையில் நல்ல தண்ணீராக இருந்த அதே கிணறு ஆடி, ஆவணியில் சவர்ப்பதுண்டு. தீவகத்திலும் கரையோரங்களிலும் இது பழகிய செய்தி. பாத்திக்குத் தீங்கு செய்யும் இன்னொரு மூலம் அண்மைக் காலத்தில் வீடுகளுக்குள்ளேயே வந்திருக்கிறது. குடிநீர் வடிகட்டும் இயந்திரத்தின் கழிவுக் குழாய்நீரை வீணாக்காமல் பூமரங்களுக்கு விடுவோர் பலர். கிணற்று நீரிலிருந்த உப்பு முழுவதும் செறிந்திருப்பது அந்த நீரில்தான். சலவைத்தூள் கலந்த நீரும் சோடியத்தைச் சேர்ப்பதால் மண்ணை இறுக்கும்.

உப்பேறிய மண்ணைக் கழுவ நல்ல நீரும் வடியும் நிலமும் வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 லீற்றர் நன்னீரைப் பலமுறையாகப் பிரித்து, உள்ளே இறங்கும் வேகத்துக்கேற்ப விட்டால், வேர்ப் பகுதியான மேல் ஓரடி மண்ணின் உப்பில் ஏறக்குறைய பாதி கீழே போய்விடும். கோடையில் அவ்வளவு நல்ல நீர் யாரிடமும் இராது. ஆகவே நடைமுறையில் மாரிதான் இந்த வேலையைச் செய்கிறது. நாம் செய்ய வேண்டியது, மழை தொடங்குமுன் மேற்பொருக்கை வழித்து அகற்றி, மண்ணைக் கிளறி, நீர் இறங்க வழிவிடுவது மட்டுமே. அதுவரை சவர்நீரைத் தவிர்க்க இயலாவிட்டால், அடிக்கடி சிறிதாகத் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக விடுவதே குறைந்த தீங்கு செய்யும். சிறு தெளிப்பு ஒவ்வொன்றும் தன் உப்பை மேல்மண்ணிலேயே விட்டுச் செல்லும்.

ஆண்டுதோறும் இதே குறை தோன்றும் காணியில் செடியை மாற்றுவதே நேர்மையான தீர்வு. கடனீரேரிக் கரைகளில் தானாகவே படர்ந்து, தடித்த இலையும் சிறிய இளஞ்சிவப்புப் பூவுமாகக் காணப்படும் செசூவியம், உவர் நிலத்தையே தன் நிலமாகக் கொண்டது. அதன் தண்டுத் துண்டு எளிதில் வேர்விடும். பத்துமணிப்பூவின் நிறப்பொலிவு அதற்கு இல்லை. ஆனால் கோடை முழுவதும் பச்சையாக நிற்கும்.

இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன

இது இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாததால் அன்று, மண்ணும் நீரும் காரத்தன்மை உடையனவாக இருப்பதால் செடி அதை எடுக்க முடியாமல் போகிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது என்பதை எண்ணினால் இது விந்தையாகத் தோன்றும். அலங்காரத்துக்காகச் சுண்ணாம்புக்கல் சல்லியையோ சிப்பித் தூளையோ பாத்தியில் பரப்பியவர்கள் அதை முதலில் அகற்ற வேண்டும். மேலுறையாக உடைந்த ஓட்டுத் துண்டே இங்கு ஏற்றது. மக்கிய எரு சேர்ப்பது மெதுவான, ஆனால் நிலையான மருந்து. விரைவாகத் திருத்த விரும்பினால் கடைகளில் கிடைக்கும் இரும்புக் கூட்டுச் சேர்வையை, அதாவது செடி எடுக்கக்கூடியவாறு இரும்பைப் பிணைத்து வைத்திருக்கும் உரத்தை, பயன்படுத்தலாம். ஆனால் பொதியில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். ஈ.டி.ரி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகையே அங்கு வேலை செய்யும். முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளானால் அது வேறு குறை. பெரும்பாலும் நீர்த்தேக்கம், சில வேளைகளில் நைதரசன் போதாமை.

தண்டு நீண்டு மெலிகிறது, பூ வரவில்லை

பத்துமணிப்பூவின் ஒரு மலர் ஒரு நாளே இருக்கும். காலை வெயில் ஏறும்போது விரிந்து, பிற்பகலில் மூடிவிடும். மந்தாரமான நாட்களில் விரியாமலே போகும். மார்கழியில் பூ இல்லை என்பது குறையே அன்று. வெயில் காலத்திலும் மொட்டே இல்லாமல், கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்தால், நாளொன்றுக்கு ஆறு மணிநேர நேர்வெயில் அச்செடிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். மாமரத்தின் கீழும் பலாவின் கீழும் அதை நட்டு எரு போட்டு வளர்க்க முயல்வது வீண்; அங்கே மருள் நன்றாக வளரும், அரைநிழல் என்றால் கற்பூரவள்ளியும் வளரும்.

வெயில் போதிய அளவு இருந்தும், இலை கொழுத்து, பூ அரிதாக இருந்தால் உரம் மிகுந்துவிட்டது. தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளின் கிணற்று நீரில், நெடுங்காலம் இடப்பட்ட பசளையால் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. அத்தகைய கிணற்றால் நீர் பாய்ச்சுபவர், தாம் உரமே இடவில்லை என்று எண்ணினாலும் நீரோடு நைதரசனை இட்டுக்கொண்டேதான் இருக்கிறார். யூரியாவையும் பச்சை எருவையும் அறவே நிறுத்துங்கள். நீண்ட தண்டுகளை மூன்றில் ஒரு பங்குக்கு வெட்டிவிட்டால் புதிய கிளைகளில் மொட்டு வரும்.

இலையில் வெளிறிய தழும்பு, அல்லது இலை சிவக்கிறது

நிழல்வலையின் கீழ் வளர்ந்த செடியை வாங்கிய அன்றே திறந்த முற்றத்தில் நட்டால், வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறிப் பின் பழுப்பாகும். யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் நடுப்பகுதியில். அந்நாட்களில் சீமெந்துத் தரையிலிருந்தும் வெள்ளை மதிலிலிருந்தும் திரும்பும் வெக்கையும் சேரும். பத்து நாட்கள் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குங்கள். முடியாவிட்டால் கிடுகு சாய்த்து மறையுங்கள். தழும்பு மாறாது, புதிய இலை நன்றாக வந்தால் போதும். கற்றாழை கோடையில் செம்பழுப்பாக மாறுவது நோய் அன்று. மழைக்குப் பின் மீண்டும் பச்சையாகும்.

பஞ்சுபோன்ற வெள்ளை, எறும்பு, கடித்த இலை

கணுக்களில் வெள்ளைப் பஞ்சும் அதைச் சுற்றி எறும்பும் இருந்தால் வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக அதைக் காத்து வேறு செடிகளுக்கும் பரவ விடுவதால், எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அழிப்பது பயனற்றது. சில செடிகள் என்றால் ஸ்பிரிற்றில் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். பரப்புப் பெரிது என்றால் ஒரு லீற்றர் நீருக்கு ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மெழுகுப் பூச்சுள்ள இலைகள் கருகக்கூடும் என்பதால் முதலில் ஒரு செடியில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

மாரியில் ஒரே இரவில் பாத்தி மொட்டையானால் அது ஆபிரிக்க நத்தை. நனைத்த சாக்கை மாலையில் விரித்து வைத்து, காலையில் அதன் அடியில் ஒளிந்திருப்பவற்றைக் கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசல் உள்ள வாளியில் போடுங்கள். நத்தையை வெறுங்கையால் தொட வேண்டாம். மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிகளை அது காவக்கூடும். பாத்தியின்மேல் உப்புத் தூவுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

நடுவில் வெற்றிடம், ஓரத்தில் மட்டும் பச்சை

ஓராண்டு கடந்த பத்துமணிப்பூப் பாத்தியில் இது இயல்பு. பழைய தண்டு முற்றிக் கட்டையாகி, நுனியில் மட்டும் இலை விடுகிறது. வெற்றிடத்தில் உரம் போடுவதால் அங்கே இலை வராது. தையில் பழைய தண்டுகளைக் களைந்து, ஓரத்து நுனிகளை ஐந்து முதல் எட்டு அங்குல இடைவெளியில் நடுவில் நட்டால், இரண்டு மூன்று மாதங்களில் மூடிக்கொள்ளும். வெற்றிடம் வட்டமாக இருந்து மண் கிளறப்பட்டிருந்தால் செடியைக் குறை சொல்ல வேண்டாம். அடுத்த வளவுக் கோழிகளைப் பாருங்கள்.

அவ்வெற்றிடங்களில் புதிதாகத் தலைகாட்டும் தடித்த இலைக் கன்றுகளைத் தாமாக முளைத்த பூச்செடி என்று எண்ணி வளர விடுவதும் பாத்தியைக் கெடுக்கும். அவை பெரும்பாலும் சாரணையாகவோ காட்டுப் பருப்புக்கீரையாகவோ இருக்கும். சாரணையின் இலை வட்டமானது. எதிரெதிரே உள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருக்கும். பருப்புக்கீரை தரையோடு தட்டையாகப் பரவும். பூ மஞ்சளாக, நெல்மணியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். பருப்புக்கீரையைக் கறிக்கு எடுக்கலாம், பாத்தியில் விடக்கூடாது. பூப்பதற்கு முன்னரே, மண் ஈரமாக உள்ள நாளில் ஆணிவேரோடு பிடுங்கி, பிடுங்கியதை அங்கேயே போட்டுவிடாமல் வளவுக்கு வெளியே கொண்டுசென்று காயவிட வேண்டும். மண்மேல் கிடக்கும் தண்டு மறுபடி வேர்விடும், அதிலுள்ள காய்களும் முற்றி விதை சிந்தும்.